உகாண்டா காய்ச்சலோட வந்தவன உசுரோட வீட்டுக்கு அனுப்புனவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கமுங்க. டிஸ்சார்ஜ் ஆயி இன்னிக்கி இருபதாவது நாளு, இப்பத்தான் போன புடிச்சு டைப் பண்ற அளவுக்கு கையில தெம்பு வந்துருக்குது. மலேரியாவுல இருந்து என்னைய காப்பாத்துனதுக்கு நன்றி சொல்லோணும்னுதான் உக்காந்தேன், ஆனா மொதல்ல மன்னிப்பு கேட்டுக்கறனுங்க, ஏன்னா நீங்க அத்தன பேரும் ராவு பகலா அலைஞ்சதுல பாதி நான் சொன்ன ஒரு பொய்யாலதான்.

தெரியாதவங்களுக்கு, நான் திருச்செங்கோட்டுப் பக்கம், போர்வெல் ரிக்குல ட்ரில்லர். எங்க ஊரு வண்டி ஆப்பிரிக்கா வரைக்கும் போறது உங்களுக்கு தெரிஞ்சதுதான், நான் போனது உகாண்டா, வடக்கால லிரா பக்கம், பதினாலு மாசம். போறதுக்கு முன்னாடி கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல மஞ்சக்காய்ச்சல் ஊசி போட்டு மஞ்ச அட்டைய பாஸ்போர்ட்டுக்குள்ள வச்சிக்கிட்டேன், அந்த ஒரு ஊசி அங்க இருக்கற எல்லா கொசுவுக்கும் சேத்துத்தான்னு இத்தன நாளும் நெனச்சிட்டு இருந்தேன் பாருங்க. மலேரியா வேற கதை, அதுக்கு தெனமும் மாத்திரை முழுங்கோணும், ஊருக்கு திரும்பி வந்த பொறவும் நாலு வாரம் முழுங்கோணுமாம். நான் டாக்சிசைக்ளின் ரெண்டு அட்டை கொண்டுபோயி, நெஞ்சு எரியுதுன்னு ஒண்ணுல பாதியோட தூக்கிப் போட்டுட்டேன். கொசுவலையும் குடுத்தாங்க, அது பொட்டிமேல சுருட்டுனபடியே கெடந்துச்சு.

துபாய் மாறி சென்னைல எறங்கறப்ப ஒரு தும்மல் கூட இல்ல. கிருமி மொதல்ல ஈரல்ல போயி கம்முனு உக்காந்துக்குமாம், ஒரு வாரம் பத்து நாளுக்கு ஒரு சத்தமும் இருக்காதாம், அப்பறம் ஏர்போர்ட்டுல யாரு என்னத்த கண்டுபுடிக்கறது. ஒம்பதாவது நாள் சாயந்திரம் எடுத்துச்சு குளிரு, மூணு கம்பளி போத்தியும் கட்டில் கடகடன்னு ஆடுது.

கிளினிக்குல டாக்டர் கேட்டாரு, வெளியூர் எங்காச்சும் போயிருந்தீங்களான்னு. நான் சொன்னது, "இல்லீங்க, கர்நாடகா சைட்டுல இருந்தேன்." ஏன் அப்படி சொன்னேன்னா 2022 கடைசில உகாண்டால எபோலா வந்த நேரம், எங்க கூட்டாளி ஒருத்தன் அங்கிருந்து வந்தப்ப தெருவே அவன் வூட்டுப் பக்கம் போகல, டீக்கடைல தனி கிளாஸு வச்சாங்க. அவனுக்கு காய்ச்சலே கெடையாது! அது என் மனசுல அப்படியே நின்னுபோச்சு. அதனால அந்த டாக்டர் மேல ஒரு குத்தமும் இல்லீங்க, நான் சொன்னத வச்சு டெங்குவுக்கு பாத்தாரு, டெங்கு இல்லைன்னு வந்துச்சு, தட்டணு மட்டும் அறுபதாயிரத்துக்கு எறங்கிருச்சு, எதுக்கும் டெங்கு மாதிரியே பாத்துக்கலாம்னாரு. அம்மா பப்பாளி எலைச் சாறு, நிலவேம்பு கசாயம்னு ஊத்தி ஊத்தி குடுத்துச்சு. மூணு நாள் இப்படியே போச்சு.

நாலாவது நாள் ராத்திரி நான் எம் பொண்டாட்டிய பாத்து "ராடு எத்தன எறங்கிருக்குது, தண்ணி ஊத்து கண்டுச்சா"ன்னு கேட்டனாம். எனக்கு ஞாபகமே இல்ல. மச்சான் என்னைய தூக்கி கார்ல போட்டு நேரா ஜி.ஹெச்சுக்கு விட்டாப்ல. மாப்ள, அன்னிக்கி உன் புது சீட்டுல வாந்தி எடுத்தது நாந்தான், நீ ஒரு வார்த்தை சொல்லல.

இப்ப சொல்லப்போறதுதான் முக்கியமுங்க. அங்க லேப்ல இருந்த அக்கா, விரல்ல குத்தி கண்ணாடி ஸ்லைடுல ரத்தத்த தேச்சு மைக்ராஸ்கோப்புல பாத்துட்டு, ரிப்போர்ட்ட மட்டும் அனுப்பிட்டு வேற வேலைய பாத்திருக்கலாம். ஆனா அவங்களே மாடியேறி வார்டுக்கு வந்தாங்க. "அண்ணா, நெசத்த சொல்லுங்க, ஒடிசா, சத்தீஸ்கர் பக்கம் போனீங்களா, இல்ல ஆப்பிரிக்காவா? ஒரே ரத்த அணுவுக்குள்ள ரெண்டு மூணு கிருமி மோதிரம் மாதிரி கெடக்குது, நம்ம பக்கம் வழக்கமா பாக்கற வைவாக்ஸ் மலேரியா மாதிரி இல்ல, இது ஃபால்சிபேரம் மலேரியா"ன்னாங்க. என்னால பேச முடியல, எம் பொண்டாட்டிதான் அழுதுட்டே உகாண்டான்னு சொன்னா. திட்டுவாங்கன்னு பாத்தேன், "செரி, இப்பவாச்சும் சொன்னீங்களே"ன்னு சொல்லிட்டு டாக்டர கூட்டியார ஓடுனாங்க. மைக்ராஸ்கோப்புல கண்ண வச்சே நான் எந்தப் பக்கம் போயிட்டு வந்தேன்னு சொல்லிட்டாங்க பாருங்க, அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல.

மலேரியாவுக்கு ஆர்ட்டிசுனேட்டுன்னு ஒரு ஊசி, மொத ஊசி போட்டு பன்னண்டு மணி நேரம் கழிச்சு ஒண்ணு, இருபத்திநாலுல ஒண்ணு. அது பொடியா வருது, கலக்குன உடனே ஏத்தோணுமாம், வச்சிருந்து போடக்கூடாதாம். நைட் டூட்டி சிஸ்டர் அலாரம் வச்சு, நடுராத்திரி லைட்டுக்கு நேரா சீசாவ தூக்கிப் புடிச்சு தெளிஞ்சிருக்கான்னு பாத்து பாத்து போட்டாங்க, அந்தக் கை இன்னும் கண்ணுலயே நிக்குது. டாக்டருக்கும் நன்றிங்க. இந்த ஊசி போட்டவங்களுக்கு சில பேருக்கு ரெண்டு மூணு வாரம் கழிச்சு ரத்தம் கொறையுமாம், அதனால வாரா வாரம் வந்து ரத்தம் பாருன்னு சொல்லி, போகாம விட்டா போன் பண்ணி கூப்புடறாரு, இன்னும் ஒரு வாரம் பாக்கி.

லிராவுல என்கூட ராடு மாட்டுன தம்பிக்கு தமிழ் தெரியாது, இருந்தாலும் எழுதறேன், படிச்சு சொல்ல அங்க நம்ம பசங்க இருக்காங்க. காய்ச்சல் வந்த மொத நாளே வாட்ஸப் கால்ல "மலேரியா டெஸ்ட் எடு, மலேரியா டெஸ்ட் எடு"ன்னு பத்து தடவ சொன்னான், நான் கேக்கல. மழை பேஞ்சா நம்ம ரிக் டயர் பதிஞ்ச குழியிலதான் அந்தக் கொசு முட்டை வைக்கும்னு காட்டுனவனும் அவன்தான்.

அப்பறம் ஹெல்த் இன்ஸ்பெக்டர் சார், கூட வந்த கொசுப்புழு பாக்கற அக்காங்க. கொசு எங்கூட வரல, கிருமிதான் வந்துச்சு, ஆனா இங்க இருக்கற கொசு என்னைய கடிச்சுட்டு பத்து பன்னண்டு நாள் கழிச்சு இன்னொருத்தர கடிச்சா தொத்திக்கும்னு பொறுமையா சொன்னாரு. அப்படி தொத்தாம இருக்கத்தான் கடைசில எனக்கு ப்ரைமாகுயின்னு ஒரு மாத்திரை குடுத்தாங்களாம். எங்க மேல்தொட்டி, கெணறு, பக்கத்து வூட்டு தொட்டின்னு ஒண்ணு விடாம ஏறி எறங்கி மருந்து ஊத்துனாங்க. நம்மூரு டவுன் கொசு, மேல்தொட்டில வளர்ற ஸ்டீபன்சி, 2012ல ஆப்பிரிக்கால இருக்கற ஜிபூட்டி நாடு வரைக்கும் போயி அங்க மலேரியாவ ஏத்திவிட்டுருச்சுன்னும் சொன்னாரு. நாமளும் சும்மா இல்ல போலருக்குது.

சுத்து வட்டார வூட்டுல எல்லாருக்கும் ரத்தம் எடுக்கோணும்னு சொன்னப்ப கதவ சாத்துனவங்களும் இருக்காங்க, அவங்கள ஒண்ணும் சொல்றதுக்கில்ல, நானே பயந்து பொய் சொன்னவன்தான. ஆனா எதுத்த வூட்டு ஆத்தா இருக்குதே, எண்பது வயசு, நேரா எங்க திண்ணைல வந்து உக்காந்து மொத ஆளா விரல நீட்டுச்சு. "எங்க காலத்துல முறைக்காய்ச்சல் வராத வூடு ஏது, கொயினா மருந்து குடிச்சுட்டு களை வெட்டப் போவோம், குத்து கண்ணு"ன்னு. முறைக்காய்ச்சல்னா இதே மலேரியாதானுங்க. அதப் பாத்துட்டுத்தான் மத்தவங்க வந்தாங்க. ஒருத்தருக்கும் கிருமி இல்ல, எம் புள்ளைங்களுக்கும் இல்ல.

போன வாரம் ரத்தம் பாக்கப் போனப்ப லேப் அக்காவுக்கு உகாண்டா காப்பிப்பொடி ஒரு பாக்கெட் கொண்டுபோனேன். வாங்கமாட்டேன்னுட்டாங்க. "உங்க ஸ்லைடு இருக்குதுங்கண்ணா, அத வச்சுக்கறேன், ட்ரெய்னிங் வர்ற புள்ளைங்களுக்கு காட்ட நல்லாருக்கு"ன்னாங்க. நல்லா வச்சுக்கங்க அக்கா. லேபிள்ல ஊர் பேர மட்டும் கர்நாடகான்னு இருந்தா அடிச்சுட்டு லிரான்னு எழுதிருங்க.