கடைக்குக் கடன் உண்டு, கடைத்தெருவுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியாத்தம் பஜாரில் 22 வருஷமாக மேட்சிங் கடை நடத்துகிறேன். மாமனார் காலத்தில் அது நூல் கடை, லுங்கி நெசவாளிகள் வந்து வாங்குவார்கள். இப்போது லைனிங் துணி, ஃபால்ஸ், பிளவுஸ் பிட், ஊக்கு, ஜிப் என்று ஓடுகிறது. சிறு வியாபாரிகளுக்கான கடன், மானியம் பற்றி உங்கள் பத்திரிகையில் வரும் செய்திகளை வெட்டிக் கல்லாவுக்குள் வைத்துக்கொள்வது என் வழக்கம். போன மாதம் வியாபாரம் மந்தமாக இருந்த ஒரு மத்தியானம் அத்தனையையும் எடுத்து வரிசையாகப் படித்தேன். ஒவ்வொரு திட்டமும் ஒரு ஆளுக்கு, இல்லையென்றால் ஒரு கடைக்கு. கடைத்தெரு என்று ஒன்று இருக்கிறதே, அதற்கென்று அந்தத் துண்டுகளில் ஒன்றுகூட இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இருக்கிற திட்டங்களை நான் குறை சொல்லவில்லை. என் கடைப் படிக்குப் பக்கத்தில் பூ விற்கும் அக்கா கொரோனா சமயத்தில் தெரு வியாபாரிகளுக்கான மத்திய அரசுக் கடன் திட்டமான பிஎம் ஸ்வநிதியில் 10,000 ரூபாய் வாங்கினார், தவணை தவறாமல் கட்டினார், அடுத்து 20,000 வாங்கினார். அது கிடைக்காமல் இருந்தால் கந்துவட்டிக்காரரிடம்தான் போய் நின்றிருப்பார். அப்பளம், ஊறுகாய், மசாலாப் பொடி போடுகிறவர்களுக்கு மத்திய அரசின் உணவு பதப்படுத்தும் குறுந்தொழில் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம் இருக்கிறது. கைத்தொழில் செய்கிறவர்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் வரை கடனும், அதில் 25 சதவீதம், 50,000 ரூபாய்க்கு மிகாமல், மானியமும் உண்டு. பிஎம்இஜிபி என்கிற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் இருக்கிறது, ஆனால் அது புதுத் தொழிலுக்கு, தலைமுறையாக நடக்கிற கடைக்கு அதில் இடமில்லை. சரி, அதுவும் வேண்டியதுதான், புதிதாக வருகிறவர்களும் பிழைக்கவேண்டும்.

ஆனால் பூக்கார அக்காவுக்கு இன்றைக்கு முதலீட்டுப் பணம் பிரச்சினை இல்லை. அவர் உட்காரும் இடத்தில் கால்வாய் மூடி உடைந்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் அந்த வழியாக மேலே வரும், கூடையைத் தூக்கிக்கொண்டு என் கடைக்குள் வந்துவிடுவார், நனைந்த பூவை அன்றைக்கு யாரும் வாங்கமாட்டார்கள். இரவு ஏழு மணிக்கு மேல் எங்கள் பக்கத்துத் தெருவிளக்கில் பாதி எரியாது. இதற்கெல்லாம் அவருக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? கொடுத்தாலும் கால்வாய் மூடியை அவரா வாங்கிப் போடமுடியும்?

என் மகள் நகரத் திட்டமிடல் படிக்கிறாள். இதை அவளிடம் புலம்பியபோது அமெரிக்காவில் நடந்த ஒரு விஷயத்தைச் சொன்னாள். அங்கே 1950-களுக்கு அப்புறம் பெரிய நெடுஞ்சாலைகள் வந்து, ஊருக்கு வெளியே கார் நிறுத்த இடத்தோடு மால்கள் வந்து, சின்ன ஊர்களின் நடுத்தெருக் கடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு போயிருக்கின்றன. கேட்கும்போது நம் ஊர்க் கதை மாதிரியே இருந்தது. நமக்கு ஆன்லைன் வியாபாரமும் சேர்ந்து வந்திருக்கிறது, அவ்வளவுதான். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற அவர்களுடைய தேசிய அறக்கட்டளை 1977-ல் மூன்று சின்ன ஊர்களை எடுத்துக்கொண்டது. இல்லினாயில் கேல்ஸ்பர்க், இண்டியானாவில் மேடிசன், தெற்கு டகோட்டாவில் ஹாட் ஸ்பிரிங்ஸ். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு முழுநேர ஆளைப் போட்டார்கள், அவருக்கு வேலையே அந்தக் கடைத்தெருதான். 1980-ல் இதற்கென்று ஒரு தேசிய மையம் வந்தது, முதலில் ஆறு மாநிலங்கள் சேர்ந்தன, இன்றைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களில் மெயின் ஸ்ட்ரீட் என்ற பெயரில் நடக்கிறது.

வேலையை நாலாகப் பிரித்துக்கொள்கிறார்கள். தெருவில் உள்ளவர்களை ஒன்று சேர்ப்பது, தெருவுக்கு ஆட்களை வரவழைப்பது, முகப்பும் நடைபாதையும் பார்வைக்கு நன்றாக இருக்கும்படி செய்வது, இங்கே எந்த வியாபாரம் தாங்கும் என்று கணக்குப் பார்ப்பது. மாநில அளவில் ஒரு அலுவலகம் இருந்துகொண்டு இந்த ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது, கட்டட வடிவமைப்பாளரை அனுப்பி யோசனை சொல்லவைக்கிறது. பல ஊர்களில் முகப்பைச் சரிசெய்ய ஒரு சின்ன மானியம் இருக்கிறது, பாதி அவர்கள், பாதி கடைக்காரர். எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பாதிக்குப் பாதி விஷயம்தான். தன் காசும் உள்ளே இருந்தால்தான் கடைக்காரன் அதைப் பார்த்துக்கொள்வான்.

ஏன் பிடித்தது என்று சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆடிக் காற்றில் என் கடை முகப்பில் இருந்த ஃபிளெக்ஸ் போர்டு கிழிந்தது. புதிது மாட்டுவதற்காகச் சட்டத்தைக் கழற்றினால், பின்னால் இரண்டு தேக்குத் தூண்கள், மேலே சுண்ணாம்புச் சாந்தில் போட்ட கொடி வேலைப்பாடு, நடுவில் நீல எழுத்தில் மாமனார் எழுதி வைத்த கடைப் பெயர். பாதி அழிந்திருந்தாலும் படிக்க முடிந்தது. நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே அதை மறைத்திருக்கிறார்கள், எனக்கே தெரியாது. ஃபிளெக்ஸ் மாட்ட மனசு வரவில்லை. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிக்கவே ஒரு மாதம் ஆயிற்று. தூணைச் சுரண்டி எண்ணெய் போட்டு, போர்டு எழுதுகிறவரை வைத்து அதே எழுத்தைத் திரும்ப எழுதி, வாசலுக்கு ஒரு நல்ல விளக்கு போட்டு, எல்லாம் சேர்த்து 23,000 ரூபாய். வளையலை அடகு வைத்துத்தான் செய்தேன். எதிரில் பாத்திரக்கடை அண்ணன் தினமும் நின்று பார்த்துவிட்டுத் தானும் செய்வதாகச் சொன்னார், தொகையைக் கேட்டதும் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார். அவர் கடைக்கும் அதே மாதிரி முகப்பு இருக்கிறது, தகரத்துக்குப் பின்னால். பாதித் தொகையை யாராவது கொடுத்திருந்தால் அவர் அப்போதே செய்திருப்பார்.

பயிற்சி விஷயத்துக்கு வருகிறேன். சிறு தொழில் நடத்துகிறவர்களுக்கு என்று ஒரு அலுவலகம் நடத்திய பயிற்சிக்குப் பெயர் கொடுத்தேன். வேலூரில் பத்து நாள், காலை 10 முதல் மாலை 5 வரை. கடையைப் பூட்டிவிட்டு மூன்று நாள் போனேன். வங்கிக்குத் திட்ட அறிக்கை எழுதுவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார்கள், அதுவும் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு. நாலாவது நாள் நான் போகவில்லை, ஏனென்றால் வழக்கமாக என்னிடம் வாங்கும் தையல்காரர்கள் இரண்டு பேர் வேறு கடைக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள். தேங்கிப்போன சரக்கை என்ன செய்வது, கண்ணாடிப் பெட்டியில் எதை முன்னால் வைப்பது, தெருவில் பத்துக் கடை சேர்ந்து ஒரே நாளில் தள்ளுபடி போட்டால் என்ன ஆகும், இதையெல்லாம் சொல்லிக் கொடுக்கிற பயிற்சியைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன். கிண்டியில் தொழில் முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் 2001-லிருந்து இருக்கிறது, மாவட்டத்துக்கு மாவட்டம் தொழில் மையம் இருக்கிறது. கடைத்தெருவுக்கென்று ஒரு பாடம் தயாரித்து, மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை, எங்கள் பஜாரிலேயே ஒரு மாடியில் நடத்தினால் நாங்கள் அத்தனை பேரும் வருவோம். அந்த நேரத்தில் வியாபாரம் கிடையாது.

2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனது. என் கடையில் அது நன்றாகவே தெரிகிறது, முன்பெல்லாம் மாதம் ஒரு தரம் வந்த கிராமத்துப் பெண்கள் இப்போது வாரம் ஒரு தரம் வருகிறார்கள். ஆனால் வந்தவர்கள் ஒரு மணி நேரத்தில் பஸ் ஏறிவிடுகிறார்கள். காரணம் கழிவறை. எங்கள் கடை வரிசையில் ஒரு பெண் போய்வர இடம் கிடையாது. என் கடைக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது, கேட்பவர்களுக்குச் சாவி கொடுக்கிறேன், ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் கேட்கிறார்கள். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள் எத்தனையோ. அவர்கள் இன்னும் ஒரு மணி நேரம் நின்றால் அந்தக் காசு எங்கள் தெருவில்தானே விழும்.

அப்புறம் லுங்கி. குடியாத்தம் என்றாலே லுங்கி என்று வெளியூரில் சொல்கிறார்கள். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும்கூட ஜனம் வருகிறது, பஜாரில் நடக்க இடம் இருக்காது. வந்தவர்களுக்கு இந்த ஊரில் தறி ஓடுகிறது என்று காட்ட ஒரு பலகை கிடையாது, நெசவாளி நேராக விற்க ஒரு வாரத்துக்கு ஒரு பந்தல் கிடையாது. அன்றைக்கு நாங்களும் பாதிப் பேர் கடையைப் பூட்டிவிட்டு சாமி கும்பிடப் போய்விடுவோம், அது நியாயம்தான். திருவிழாவுக்கு முந்தைய வாரத்தை யோசித்துத் திட்டம் போட ஒரு ஆள் இருந்தால் போதும்.

தெருவை அழகுபடுத்துகிறோம் என்று யாராவது சொன்னால் எங்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் விரட்டப்படுவது தள்ளுவண்டியும் பூக்கூடையும்தான். அப்படி நடக்காமல் பார்த்துக்கொள்ளச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2014-ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டப்படி ஒவ்வொரு ஊரிலும் ஒரு நகர விற்பனைக் குழு வேண்டும், அதில் 40 சதவீதம் பேர் தெரு வியாபாரிகளே, அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். வணிகர் சங்கம், வங்கி, போலீஸ், நகராட்சி எல்லோருக்கும் அதே குழுவில் இடம் உண்டு. புதிதாகக் குழு எதுவும் போடவேண்டாம், இதையே மாதம் ஒரு தடவை கூட்டி தெருவைப் பற்றிப் பேசவைத்தால் பூக்கார அக்கா முன்னிலையில்தான் எந்த முடிவும் எடுக்கமுடியும். கடை வாடகையும் ஏறிவிடும் என்ற பயம் எங்களுக்கு உண்டு, ஆகவே மானியம் வாங்கும் கட்டட உரிமையாளர் இத்தனை வருஷத்துக்கு வாடகை ஏற்றமாட்டேன் என்று எழுதிக் கொடுக்கவேண்டும்.

வேலூர் 2016-ல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வந்தது, அந்தத் திட்டமே 2025 மார்ச்சோடு முடிந்தும்விட்டது. அது மாநகராட்சிக்கு. குடியாத்தம், பேரணாம்பட்டு, பக்கத்து மாவட்டத்தில் வாலாஜாபேட்டை மாதிரி ஊர்களுக்கு அந்த வழியில் எதுவும் வரவில்லை. இத்தனைக்கும் தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத்தான் வந்தது, 1954-ல் முதலமைச்சரான காமராஜரைச் சட்டசபைக்கு அனுப்பியது குடியாத்தம். பழைய வட ஆற்காட்டின் இந்த ஊர்களுக்கு இப்போது சந்தை கட்ட, பஸ் நிலையம் கட்டப் பணம் ஒதுக்குகிறார்கள், நல்லது. கட்டிய பிறகு அந்த இடத்தை உயிரோடு வைத்துக்கொள்ள ஒரு ஆளுக்குச் சம்பளம் ஒதுக்குவதில்லை.

அரசை நான் கேட்பது பெரிய தொகை இல்லை. ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று வருஷத்துக்கு. பயிற்சி பெற்ற ஒரு முழுநேர ஆள், கடை முகப்புக்குப் பாதிக்குப் பாதி மானியம், பெண்களுக்கு ஒரு கழிவறை, மத்தியான நேரப் பயிற்சி. எங்கள் வரிசையில் 11 கடைக்காரர்கள் எங்கள் பாதிப் பங்கைப் போடத் தயார் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், பாத்திரக்கடை அண்ணன் இரண்டாவது கையெழுத்து. தாள் என் கல்லாவில், உங்கள் பத்திரிகைத் துண்டுகளோடு இருக்கிறது. நகராட்சியிலிருந்தோ தொழில் மையத்திலிருந்தோ யார் வந்தாலும் காட்டுகிறேன். இரண்டு மணிக்கு மேல் வந்தால் உட்கார்ந்து பேசலாம்.

இப்படிக்கு,
மேட்சிங் கடை நடத்தும் ஒரு வாசகி,
குடியாத்தம்.