14416 சாகப்போகிறவர்களுக்கு மட்டுமான எண் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தற்கொலைச் செய்தி போடும்போதெல்லாம் அதற்கு அடியில் சின்னதாக ஒரு கட்டம் கட்டி, மன அழுத்தமா, 104க்கோ 14416க்கோ பேசுங்கள் என்று போடுகிறீர்கள். நல்ல விஷயம்தான், போடாமல் இருப்பதற்கு எவ்வளவோ மேல். ஆனால் எனக்கு ஒரு குறை இருக்கிறது. அந்தக் கட்டம் எப்போதும் ஒரு சாவை ஒட்டியே வருகிறது. அதனால் அது சாகப்போகிறவர்கள் கூப்பிட வேண்டிய எண் என்றே ஜனங்கள் மனதில் பதிந்துவிட்டது. நான் கணியம்பாடி பக்கம் மெடிக்கல் கடை வைத்திருக்கிறேன். தூக்கமே வருவதில்லை என்று புலம்புகிறவரிடம், ஒரு போன் போட்டுப் பேசித்தான் பாருங்களேன் என்று அந்த எண்ணை எழுதிக் கொடுத்தால், "நான் இன்னா அந்த அளவுக்கா போயிட்டேன்?" என்று கோபித்துக்கொள்கிறார்கள். சீட்டை வாங்காமலே போனவர்களும் உண்டு.

கடைக்கு வந்து யாரும் எனக்கு மன அழுத்தம் என்று சொல்ல மாட்டார்கள். தலை பாரமாக இருக்கிறது, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, கேஸ் டிரபிள், பித்தம், கை கால் அசதி, சாப்பாடு இறங்கவில்லை, இப்படித்தான் கேட்பார்கள். ஒரு கேஸ் மாத்திரை, ஒரு பி காம்ப்ளக்ஸ், ஒரு சத்து டானிக். இதில் பாதிக்கு உண்மையிலேயே உடம்பில் கோளாறு இருக்கலாம். ரத்தசோகை, தைராய்டு எல்லாம் மனிதனை இப்படித்தான் சோர்ந்து போக வைக்கும், அதனால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வேன். ரிப்போர்ட் எல்லாம் சரியாக வந்த பிறகும் மறுபடி அதே டானிக்குக்கு வந்து நிற்கிறவர்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அப்புறம் தூக்க மாத்திரை. "டாக்டர் சீட்டெல்லாம் எதுக்கு, ரெண்டே ரெண்டு குடு" என்று ராத்திரி கடை சாத்தும் நேரத்தில் கேட்பார்கள். அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகள், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச்1 பட்டியலில் வருகிற மருந்துகள். டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று தனி ரிஜிஸ்டரில் எழுத வேண்டும், அந்த ரிஜிஸ்டரை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். சட்டம் கிடக்கட்டும், அது பழக்கமாகிவிடுகிற மருந்து, நாமாக வாங்கிப் போடக் கூடாது. இதைச் சொன்னால் நான் ஏதோ வியாபாரத் திமிரில் பேசுவதாக நினைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள்.

கல்லாவில் உட்கார்ந்து பார்ப்பவனுக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. இந்த மனச்சோர்வு திடீரென்று வானத்திலிருந்து விழுவதில்லை. பெரும்பாலும் வாழ்க்கையில் ஒரு திருப்பம் வரும்போதுதான் வருகிறது. அதிலும் முக்கால்வாசி திருப்பங்கள் எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்தவை. பிரசவத்துக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம் வரும் என்று ஊருக்கே தெரியும். ரிட்டயர்மென்ட் தேதி ஆர்டரிலேயே இருக்கிறது. ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனிக்கு ஆர்டர் குறைந்தால் ஆள் குறைப்பார்கள் என்பது அங்கே வேலை செய்கிற பெண்களுக்கு இரண்டு மாதம் முன்னாலேயே வாடை அடித்துவிடும். ஆனாலும் ஆள் படுத்த பிறகுதான் நமக்கு நினைப்பு வருகிறது.

பிரசவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பேரக் குழந்தைக்குக் கிரைப் வாட்டர் வாங்க வந்த ஒரு அம்மா, மகளுக்கு ரத்தம் ஊற நல்ல டானிக்காகக் கொடு என்றார். என்ன ஆச்சு என்று கேட்டால், "எந்நேரமும் அழுதுக்குனே இருக்கா, குழந்தையைத் தூக்குன்னா சுவத்தைப் பாத்து திரும்பிக்கிறா, காத்து கருப்பு அடிச்சிருக்கும்" என்கிறார். பிள்ளை பெற்ற முதல் சில நாள் அழுகை வருவது பல பெண்களுக்கு உள்ளதுதான், அது தானாகவே அடங்கிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் அடங்கவில்லை என்றால் அது வேறு. அதற்கு வைத்தியம் இருக்கிறது, குணமாகிவிடும். புதன்கிழமை ஊசி போட வருகிற நர்சம்மாவிடம் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த முறை வந்தபோது, மந்திரிச்சுக் கயிறு கட்டினோம், நர்சம்மாகிட்டயும் சொன்னோம் என்றார். சரி, இரண்டும் நடக்கட்டும்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைப் பற்றி உலகம் முழுக்க டாக்டர்கள் மேற்கோள் காட்டுகிற ஆய்வுகளில் ஒன்று எங்கள் கணியம்பாடி ஒன்றியத்தில் நடந்ததுதான். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை டாக்டர்கள் செய்தது, 2002இல் பிரிட்டிஷ் மனநல இதழில் வந்தது. நூறு தாய்மாரில் சுமார் 11 பேருக்குப் பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. யாருக்கு அதிகம் வந்தது என்றும் பார்த்திருக்கிறார்கள். வருமானம் குறைவான வீடு, ஆண் பிள்ளை எதிர்பார்த்துப் பெண் பிறந்த வீடு, மாமியாரோடும் பெற்றவர்களோடும் ஒத்துப்போகாத பெண், கூடமாட ஒத்தாசைக்கு ஆள் இல்லாதவள். இதைப் படித்துச் சொல்ல டாக்டர் எதற்கு, எங்கள் தெருக் கிழவி சொல்வாளே என்று தோன்றும். ஆனால் தெருக் கிழவிக்குத் தெரிந்த இந்த விஷயத்தை நாம் இன்னும் யாரும் கேட்பதில்லை. 6, 10, 14 வாரத்தில் ஊசிக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம், குழந்தையின் எடை பார்க்கிறார்கள், அட்டையில் எழுதுகிறார்கள். தூக்கி வந்தவள் தூங்கினாளா என்று யாராவது கேட்டால் உண்டு.

இன்னொன்று எங்கள் பக்கத்துக்கே உரியது. கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போயிருப்பார். பதினெட்டு, இருபது வயதில் சேர்ந்து 17 வருடம், 20 வருடம் முடித்துவிட்டு, நாற்பதுக்கு முன்னால் பென்ஷனோடு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். ஊர் மெச்சுகிறது, மாலை போடுகிறோம், பேனர் வைக்கிறோம். ஆறு மாதம் கழித்து அவரைப் பாருங்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்துவிடுவார், எழுந்து என்ன செய்வது? இத்தனை வருடம் வீட்டையும் பிள்ளைகளையும் தனியாளாக நடத்திய மனைவிக்கு, இவர் திடீரென்று வந்து அரிசி டப்பா ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்பது பிடிக்காது. பிள்ளைகளுக்கோ அப்பா என்றால் லீவில் வந்து பொம்மை கொடுத்துவிட்டுப் போகிறவர், இப்போது போகவே மாட்டேன் என்கிறார். அங்கே ஐம்பது பேருக்கு உத்தரவு போட்ட மனிதர் இங்கே ஏ.டி.எம். வாசலில் ஸ்டூல் போட்டு உட்காருகிறார். ராத்திரி தூக்கம் இல்லை. கேன்டீன் சரக்கு இருக்கவே இருக்கிறது. குடித்தால் தூக்கம் வரும் என்று நினைக்கிறார்கள், வருவது என்னவோ வரும், ஆனால் நடுராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பி உட்கார வைத்துவிடும். அவரிடம் எனக்கு மனசு சரியில்லை என்று சொல்ல வைக்க ஆளே பிறக்கவில்லை. என் கடை பெஞ்சில் இப்படி வந்து உட்கார்ந்து பேப்பர் படிப்பவர்கள் உண்டு. பேப்பர் அரை மணியில் முடிந்துவிடும், அவர்கள் பதினோரு மணி வரை இருப்பார்கள். இருக்கட்டும் என்று நானும் டீ சொல்வேன். பேச ஆள் கிடைத்தால் போதும் என்ற நிலையில் இருப்பவர்களுக்குப் பாதி வைத்தியம் அதுதான். மீதிப் பாதிக்கு டாக்டர் வேண்டும், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிளஸ் டூ பற்றி நீங்களே நிறைய எழுதிவிட்டீர்கள், நான் நீட்டவில்லை. பிப்ரவரி வந்தால் ஞாபக சக்தி டானிக் கேட்டு வருகிற பெற்றோர்களுக்கு ஒன்றே ஒன்று: அந்தக் காசுக்குப் பிள்ளைக்கு முட்டை வாங்கிக் கொடுங்கள், பத்தரை மணிக்கு லைட்டை அணையுங்கள்.

இனி வைத்தியம். வேலூர் மாவட்டத்துக்காரர்கள் தூரம் என்று சாக்குச் சொல்ல முடியாது. வேலூரிலிருந்து எங்கள் ஊருக்கு வருகிற அதே ரோட்டில் முதலில் பாகாயம், அடுத்து அடுக்கம்பாறை. பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் 1950களிலிருந்து இருக்கிறது. நோயாளியை அடைத்து வைக்காமல் வீட்டார் ஒருவரும் கூடவே தங்கி, அவரும் சேர்ந்து கற்றுக்கொண்டு போகும் முறையை நம் நாட்டில் ஆரம்ப காலத்திலேயே கொண்டுவந்த இடங்களில் அது ஒன்று. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு செலவில்லை. ஆனால் காட்பாடியிலிருந்து பாகாயம் போகிற பஸ்ஸின் போர்டைக் காட்டி ஒருவரை ஒருவர் கிண்டல் செய்தே வளர்ந்த ஊர் இது, அங்கே இறங்க எப்படிக் கால் வரும்? அதே காம்பவுண்டுக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறி வருகிறார்கள், பஸ்ஸில் போகிற நமக்குத்தான் வெட்கம்.

போனவர்களும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரை தலைவலி மாத்திரை மாதிரி போட்டவுடன் வேலை செய்யாது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரம் வயிற்றைப் பிரட்டும், வாய் உலரும். பத்து நாள் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை என்று நிறுத்துகிறவர்கள் ஒரு பக்கம், ஒரு மாதத்தில் நன்றாகிவிட்டது, இனி எதற்கு என்று நிறுத்துகிறவர்கள் ஒரு பக்கம். நன்றான பிறகும் பல மாதம் தொடரச் சொல்வார்கள், நிறுத்தும்போதும் டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இவை தூக்க மாத்திரை வகை இல்லை, அடிமையாகிவிடுவோம் என்ற பயம் வேண்டாம். இதைக் கவுன்டரில் நின்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது, நீங்கள் ஒரு முறை கொட்டை எழுத்தில் போட்டால் புண்ணியம்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று விஷயத்தை மூடி மறைக்கிற குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றுதான் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. சிகிச்சை கொடுக்க வேண்டியது அரசின் பொறுப்பு. உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. பாலிசி வைத்திருப்பவர்கள் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் ஞாயிறு இணைப்பின் மீதும் எனக்கு ஒரு மனத்தாங்கல். மன அமைதிக்கு அதிகாலை நடை, தியானம், பிடித்த இசை என்று எழுதுகிறீர்கள். வேலூர்க் கோட்டையைச் சுற்றி நடக்கிறவர்களுக்கு அது சரி. குடியாத்தம் பக்கம் சமையலையும் முடித்து, ராத்திரிக்குள் ஆயிரம் பீடி சுற்றிக் கொடுக்க வேண்டியவளும், விடியும் முன்பே கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க நிற்கிறவளும் எப்போது தியானம் செய்வார்கள்? அவளுக்கு வேண்டியது வீட்டில் ஒருவர் அரை மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்வதும், ஒரு நாள் சம்பளம் போகாமல் டாக்டரைப் பார்க்க முடிவதும். அதை எழுதுங்கள்.

அந்தக் கட்டத்தையும் இடம் மாற்றிப் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தேர்வு அட்டவணைக்குப் பக்கத்தில், முன்னாள் படைவீரர் பென்ஷன் செய்திக்குக் கீழே, முடிந்தால் ராசிபலன் பக்கத்திலும். எல்லோரும் முதலில் புரட்டுவது அதைத்தானே. 14416 மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. வேலை போன கவலை, மாமியார் சண்டை, தூக்கமின்மை எதற்கு வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்றே போடுங்கள்.

கடைசியாகச் சுகாதாரத் துறைக்கு, உங்கள் மூலமாக. 2021இல் இருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டுக்கே வந்து பி.பி., சுகர் பார்க்கிறீர்கள், பாராட்டுகிறேன். அப்படி வரும்போதும், புதன்கிழமை ஊசி போடும்போதும் இரண்டே கேள்வி சேர்த்துக் கேளுங்கள்: ரெண்டு வாரமா எதிலயும் இஷ்டமே இல்லாம இருக்குதா, மனசு சோர்ந்து நம்பிக்கையில்லாம இருக்குதா? டாக்டர்கள் முதல் கட்டமாகக் கேட்பதும் ஏறக்குறைய இந்த இரண்டைத்தான். மாமியாரை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டுக் கேட்க வேண்டும், அது முக்கியம். ஆமாம் என்று சொன்னால் அடுக்கம்பாறைக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, அடுத்த புதன்கிழமை போனாயா என்று கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக் கடைக்காரர்,
கணியம்பாடி, வேலூர் மாவட்டம்.