'வேறு எதுவும் வாங்கத் தேவையில்லை' என்று விற்ற பாம்புத் தொட்டி: பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு கடிதம்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
லண்டன்.

பொருள்: ராயல் பைத்தான் ஸ்டார்டர் கிட் பெட்டியில் சொன்னபடி இல்லாதது தொடர்பாக.

ஐயா / அம்மா,

இந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் உங்கள் கடையில் 149 பவுண்டு கொடுத்து ராயல் பைத்தான் என்ற மலைப்பாம்பை வளர்க்கத் தொடங்குபவர்களுக்கான ஸ்டார்டர் கிட் வாங்கினேன். கண்ணாடித் தொட்டி, கம்பிவலை மூடி, சூட்டு விளக்கு, ஈரப்பதம் காட்டும் மீட்டர், கீழே விரிக்க ஒரு பை மரச்சீவல், பாம்பு ஒளிந்துகொள்ள பிளாஸ்டிக் மண்டையோடு ஒன்று. பெட்டியின் மேல் 'வேறு எதுவும் வாங்கத் தேவையில்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. என் புகாரே அந்த வரியைப் பற்றித்தான். கவுன்டரில் இருந்த தம்பி, "தமிழிலேயே எழுதிக் கொடுங்கள், மேலே சேர்த்துவிடுகிறேன்" என்றதால் இப்படி எழுதுகிறேன்.

இந்தப் பாம்பு கானா, டோகோ, பெனின் பக்கத்து மேற்கு ஆப்பிரிக்கப் பாம்பு. பகல் முழுக்க எலி வளையிலோ கறையான் புற்றிலோ சுருண்டு கிடக்கும். வெளியே காற்று காய்ந்தாலும் வளைக்குள் ஈரம் இருக்கும். வீட்டில் வளர்க்கும்போது ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், சட்டை உரிக்கும் சமயத்தில் இன்னும் கூடுதலாக. உங்கள் கிட்டோடு வந்த கையேட்டிலும் 60 என்றுதான் அச்சடித்திருக்கிறீர்கள். ஆனால் அந்த 60-ஐ உங்கள் தொட்டியில் நிறுத்தி வைக்க வழியே இல்லை.

குளிர்காலத்தில் வெளியே 5 டிகிரியில் இருக்கும் காற்று, வீட்டுக்குள் வந்து ஹீட்டரில் 21 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அந்தக் காற்றை விளக்கு இன்னும் சூடாக்குகிறது. சூடான காற்று மேலே போகும்; மேலே இருப்பதோ முழுக்க வலை. இருக்கும் கொஞ்சநஞ்ச ஈரமும் அதோடு போய்விடுகிறது. (விளக்கின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கொடுக்காதது தனிக் கதை. அதை நானே வாங்கி மாட்டிக்கொண்டேன்.)

இதெல்லாம் தெரியாதபடி மறைத்தது உங்கள் மீட்டர். வட்ட முகம், பச்சைக் கோட்டில் முள், எப்போது பார்த்தாலும் 60. சந்தேகம் வந்து சோதித்தேன். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, சேறு மாதிரி ஆகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து ஜிப் பையில் அடைத்து இரவு முழுக்க வைத்தேன். உப்புச் சேற்றின் மேல் காற்று 75 சதவீதத்தில்தான் நிற்கும். காலையில் முள் 60-லேயே நின்றது. ஹீட்டர் மேல் வைத்துப் பார்த்தேன், அங்கேயும் 60. கடையில் வேறொன்று மாற்றிக் கொடுத்தீர்கள். அது 55-ல் உட்கார்ந்துகொண்டது. கடைசியில் டிஜிட்டல் மீட்டர் ஒன்று வாங்கி வைத்தபோது தொட்டிக்குள் 34 என்று காட்டியது.

அதற்குள் பாம்பு ஒருமுறை சட்டை உரித்துவிட்டது. ஈரம் சரியாக இருந்தால் மூக்கு நுனியில் தொடங்கி வால் வரைக்கும், காலுறையைக் கழற்றுவது போல, ஒரே துண்டாக உரித்துவிடும். கண்ணை மூடியிருக்கும் மெல்லிய செதிலும் அதோடு வந்துவிடும். இது துண்டு துண்டாகக் கிழிந்து விழுந்தது. வால் நுனியில் ஒரு வளையம் இறுகி நின்றது, இடது கண்ணில் பழைய செதில் மங்கலாக, ஒரு பக்கம் நசுங்கி ஒட்டியிருந்தது. வளையம் அப்படியே இருந்தால் இரத்தம் போகாமல் வால் நுனியே செத்துவிடும். கால்நடை மருத்துவர் வெதுவெதுப்பான நீரில் ஊற வைத்து அதை எடுத்தார். கண்ணைப் பிடித்து இழுக்க வேண்டாம், அடுத்த உரிப்பு வரை ஈரத்தைக் கூட்டி வையுங்கள் என்றார். அந்த ரசீதை இணைத்திருக்கிறேன்.

இனி மண்டையோடு. பார்க்க ஜோர்தான். ஆனால் பாம்புக்கு ஒளிவிடம் என்றால் சுருண்டு படுத்தால் நாலு பக்கமும் உடம்பில் உரச வேண்டும், வாசல் ஒன்று போதும். இதில் வாய், மூக்கு, கண் எல்லாமே வாசல். கண் துளையின் விளிம்பில் அச்சுப் பிசிறு கத்தி மாதிரி நிற்கிறது. விரலை வைத்துப் பாருங்கள். அதோடு ஒன்றே ஒன்றுதான் கொடுத்திருக்கிறீர்கள். சூடான பக்கம் வைத்தால் குளிர்ச்சி தேடும்போது ஒளிய இடமில்லை. குளிர்ந்த பக்கம் வைத்தால் பயந்துபோய் அங்கேயே கிடக்கும், இரை செரிக்கத் தேவையான சூடு கிடைக்காது. என் பாம்பு இரண்டையும் விட்டுவிட்டுத் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பின்னால் நெருக்கிக்கொண்டு படுத்தது. இரையையும் தொடவில்லை.

தொலைபேசியில் உங்கள் ஆள் சொன்ன யோசனை, "அடிக்கடி ஸ்ப்ரே அடியுங்கள்." வலை மூடி இருக்கும் தொட்டியில் அந்த ஈரம் காற்றில் நிற்காது. மரச்சீவல் மட்டும் நனைந்து பூஞ்சை பிடிக்கும். நனைந்ததன் மேலேயே பாம்பு படுத்தால் அடிவயிற்றுச் செதில் புண்ணாகும். தயவுசெய்து இனி யாருக்கும் இதைச் சொல்லாதீர்கள்.

மூடியில் விளக்கும் காற்றுக்கான இடமும் தவிர மற்றதை அலுமினியத் தாளால் மறைத்தேன். மரச்சீவலைக் கொட்டிவிட்டுத் தேங்காய் நார்த்தூளை ஆழமாக நிரப்பி, தெளிக்காமல் மூலையில் தண்ணீர் ஊற்றுகிறேன். மேலே காய்ந்திருக்கும், அடியில் ஈரம். ஒரே மாதிரி இரண்டு சின்ன ஒளிவிடங்கள், சூட்டில் ஒன்று, குளிர்ச்சியில் ஒன்று. உரிக்கும் சமயத்துக்கு மூடி போட்ட சாப்பாட்டு டப்பாவில் துளை போட்டு ஈரப்பாசி. இப்போது மீட்டர் 65-ஐ ஒட்டி நிற்கிறது, பாம்பும் சாப்பிடுகிறது. அப்படியென்றால் உங்கள் கிட்டில் மிச்சமாகப் பயன்படுவது கண்ணாடியும் விளக்கும்தான்.

2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பொருள் சொன்னபடி இருக்க வேண்டும், சொன்ன வேலைக்கு உதவ வேண்டும். ஒருமுறை மாற்றிக் கொடுத்தும் குறை தீராவிட்டால் பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம். முதல் 6 மாதத்துக்குள் பயன்படுத்தியதற்கென்று பணத்தில் எதையும் கழிக்கவும் இடமில்லை. 149 பவுண்டையும் மருத்துவச் செலவையும் கேட்கிறேன். கிட்டை வந்து எடுத்துக்கொள்ளலாம். ஒத்துக்கொண்ட நாளிலிருந்து 14 நாளுக்குள் பணம் வர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. பதில் வராவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போவேன். பெட்டியிலிருக்கும் அந்த வரியையும் எடுத்துவிடுங்கள்.

இணைப்பு: வாங்கிய ரசீது, மருத்துவர் ரசீது, உப்புச் சோதனைப் படங்கள், மண்டையோட்டின் கண் துளைப் படம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்