கோல்கம்பத்தில் கட்டிய துணி

சுங்கை சிப்புட், மலேசியா,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, நேற்று பசாருக்கு நடந்தே போய்வந்தார். இதையெல்லாம் ஃபோனில் சொல்லலாம்தான். ஆனால் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ நான்கு வார்த்தை குறுக்கே போடுவாய். கடிதமென்றால் கடைசிவரை படித்துத்தானே ஆகவேண்டும்.

போன வாரம் நீ சொன்னது இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. "பழைய படத்துல எல்லாரும் கத்துறாங்கம்மா, வசனமா சண்டையான்னே தெரியல" என்றாய். பராசக்தியைப் பாதியில் நிறுத்திவிட்டாயாம். பெர்த்தில் உன் அறையில், காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு, ஒரு ஜாண் திரையில் பார்த்தால் கத்துவது போலத்தான் இருக்கும். நாங்கள் எங்கே உட்கார்ந்து பார்த்தோம் என்று உனக்கு நான் சொன்னதில்லை போலிருக்கிறது.

எங்கள் ரப்பர் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா முடிந்த மறுநாள் படம். படக்காரர் வேனில் வந்து இறங்கும்போதே பிள்ளைகள் பின்னால் ஓடுவோம். பந்து விளையாடும் திடலில், கோல்கம்பம் இரண்டுக்கும் நடுவே வெள்ளைத் துணியைக் கட்டுவார்கள். முன்னால் தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணி குடும்பத்துக்கு நாற்காலி. அதற்குப் பின்னால் பாய். பாய்க்குப் பின்னால் நிற்கிற ஆண்கள். ஓரத்தில் கச்சாங் பூத்தே, அதாவது கடலை வகை, விற்பவர். ஒரே ஒரு ஸ்பீக்கர், அதுவும் கம்பத்தில் தொங்கும். இந்தப் பக்கம் ஜெனரேட்டர் தடதடவென்று ஓடும். கைப்பிள்ளைகள் அழும். காற்றடித்தால் துணி உப்பும், சிவாஜியின் முகமும் சேர்ந்து உப்பும். அத்தனையையும் தாண்டி, மறுநாள் காலை பிரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கிற வரிசையில், நிற்கவேண்டிய ஒரு மனுஷன் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறானே, அவன் காதுவரை வசனம் போய்ச் சேரவேண்டாமா? அந்தக் குரல் அவனுக்காக, உன் காதில் மாட்டுகிற கருவிக்காக அல்ல.

என் இடம் எது தெரியுமா? துணிக்குப் பின்பக்கம். உன் பாட்டி சட்டிபானை கழுவி, தாத்தாவுக்குச் சோறு போட்டு, பிறகுதான் எங்களைக் கூட்டிப் போவார். அதற்குள் முன்பக்கம் நிறைந்துவிடும். தாமதமாக வந்தவர்களெல்லாம் அந்தப் பக்கம் உட்காருவோம். படம் நன்றாகத்தான் தெரியும், ஆனால் எல்லாம் இடம்வலம் மாறி. எழுத்து போடும்போது கண்ணாடியில் பார்ப்பது மாதிரி இருக்கும். அதைப் படிக்கவே பழகிவிட்டேன். நாடோடி மன்னனை அப்படித்தான் பார்த்தேன். எம்.ஜி.ஆர் இடது கைக்காரர் என்றுதான் பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன், இடது கையாலேயே நம்பியாரோடு எப்படிக் கத்திச்சண்டை போடுகிறார் என்று ஆச்சரியம் வேறு. கல்யாணமான புதிதில் டவுன் தியேட்டரில் மறுபடி பார்த்தபோது, "என்னங்க, வலது கைக்கு மாறிட்டார்?" என்று உன் அப்பாவிடம் கேட்டுவிட்டேன். நாற்பது வருஷம் தாண்டியும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். அவர் எம்.ஜி.ஆர் கட்சி, நான் சிவாஜி கட்சி. பொருத்தம் பார்த்தவர்கள் இதைக் கேட்காமல் விட்டுவிட்டார்கள்.

அந்தப் படம் கறுப்பு வெள்ளையில் ஓடிக்கொண்டே இருக்கும். பானுமதி செத்துப்போய், சரோஜாதேவி வருகிற பகுதியில் திடீரென்று கலராகிவிடும். 1958-ல் வந்த படம். நாங்கள் பார்த்தது ஏறக்குறைய 1970-ல். அப்போதும் திடல் முழுக்க ஒரு கூச்சல் எழுந்தது பார், லயத்து வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த நாயெல்லாம் குரைத்தது.

ரீல் மாற்றுகிற நேரம் இருக்கிறதே, அதுதான் இன்னொரு படம். ஒரே புரொஜெக்டர், ஆகவே நிறுத்தித்தான் மாற்றவேண்டும். அந்த ஐந்து நிமிஷத்தில் எத்தனை அபிப்பிராயம்! "அவ அண்ணன்கிட்ட சொல்லியிருக்கணும்." "இவன் எப்படியும் திருந்தமாட்டான், பாரேன்." தோட்டத்தில் வேலை வாங்குகிற மண்டோர் ஒருவர் அடுத்து நடக்கப்போவதைச் சொல்லிக் கெடுப்பார், அவரை எல்லாருமாக ஏசுவார்கள். நீ இப்போது படம் முடிந்ததும் நண்பர்களோடு விடிய விடிய எழுதிக்கொள்கிறாயே, அதை நாங்கள் படத்தின் நடுவிலேயே செய்தோம்.

சரி, பராசக்திக்கு வருகிறேன். நீ நிறுத்திய இடம் எது என்று நீ சொன்னதை வைத்துப் பார்த்தால், குணசேகரன் கப்பலைவிட்டு இறங்கி, பெட்டியைப் பறிகொடுத்துப் பைத்தியக்காரனாகத் திரிகிற பகுதிக்குக் கொஞ்சம் பிறகு. ரங்கூனில் வளர்ந்து, ஊர் என்று மனசில் வைத்திருந்த ஊருக்குப் போனவன் அவன். என் தாத்தா சொல்வார், "ரங்கூன எடுத்துட்டுப் பினாங்கப் போடு, நம்ம கதைதான்." 1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்ததே, அப்போது சிவப்பு ஐ.சி. (அடையாள அட்டை) வைத்திருந்த எங்கள் சின்னத் தாத்தாவும் ரஜூலா கப்பலில் ஏறிப் போனார். இங்கேயே பிறந்த பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு கடிதம் வந்தது. அப்புறம் வரவில்லை. நீதிமன்றத்தில் சிவாஜி பேசும்போது எங்கள் பாட்டி வசனத்தைக் கேட்கவே இல்லை, சின்னத் தாத்தாவை நினைத்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். 1952-ல் கருணாநிதி யாரை நினைத்து எழுதினாரோ, அது வேறு கதை. எங்களுக்கு அது அப்படிப் போய்ச் சேர்ந்தது. ஆகவே நீ அதை முழுக்கப் பார். கத்தலைப் பொறுத்துக்கொண்டு பார்.

நீ சொன்னதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பட்டிக்காடா பட்டணமாவை அன்று கை வலிக்கத் தட்டிப் பார்த்தவள் நான். படித்த பெண்ணை அடக்கி வழிக்குக் கொண்டுவருகிற கதை. போன மாதம் தொலைக்காட்சியில் போட்டார்கள். பாட்டு வரைக்கும் பார்த்துவிட்டு அணைத்துவிட்டேன். உன் தங்கையை யாராவது அப்படி நடத்தினால் நான் கைதட்டுவேனா? அதே சமயம் தில்லானா மோகனாம்பாளை நூறு முறை போட்டாலும் பார்ப்பேன். அதில் சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்த நாதஸ்வரத்துக்கு சிவாஜி விரல் அசைப்பதை எல்லாரும் பேசுவார்கள். என்னைக் கேட்டால் அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவர் ஜில் ஜில் ரமாமணியாக வருகிற மனோரமாதான். உன் அப்பா, வைத்தியாக வருகிற நாகேஷ்தான் என்பார். இதற்கும் எங்களுக்குள் சண்டை உண்டு.

கத்தாத படம் வேண்டுமென்றால் முள்ளும் மலரும் இருக்கிறதே, உனக்கு நான்தானே சொன்னேன்? விஞ்ச் என்கிற இழுவை வண்டியை இயக்குகிற காளி, தங்கை வள்ளி. 1978-ல் மகேந்திரன் எடுத்தது. ரஜினி அதில் முறைத்துக்கொண்டு நிற்பதிலேயே பாதி வசனம் முடிந்துவிடும். அந்த ரஜினியைத்தான் கபாலியில் தேடினேன். 2016-ல் நீ டிக்கெட் எடுத்து ஈப்போவுக்குக் கூட்டிப்போனாய், நினைவிருக்கிறதா? நம் தோட்டத்து ஜனங்களை ஒரு பெரிய படத்தில் காட்டுகிறார்கள் என்று அப்பா சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். சம்பளத்துக்குப் போராடுகிற காட்சி கொஞ்சம் வந்தது, நிமிர்ந்து உட்கார்ந்தோம். அப்புறம் கோட்டும் துப்பாக்கியும்தான். தமிழ்நாட்டில் துப்பாக்கிச் சத்தத்தோடு முடிந்ததாம், நமக்கு மட்டும் அவர் போலீசில் சரணடைந்தார் என்று எழுத்துப் போட்டு அனுப்பிவைத்தார்கள். நீ அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடினாய். எனக்குக் கூலிக்கணக்கு வைக்கிற கை எங்கே, ரப்பர் பால் வாளி எங்கே என்றிருந்தது.

அதற்கு முந்தைய வருஷம் இங்கேயே எடுத்த ஜகாட் அப்படியில்லை. சஞ்சய் குமார் பெருமாள் எடுத்தது, மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படம் என்று பரிசு வாங்கியது. தோட்டத்தைவிட்டு வந்த குடும்பம், படி படி என்று அடிக்கிற தகப்பன், வேறு எதிலோ மனசு வைத்திருக்கிற பையன். வீட்டில் போட்டுப் பார்த்தோம். தகப்பன் கையை ஓங்குகிற காட்சியில் அப்பா எழுந்து, கேட்டைப் பூட்டினேனா பார்க்கிறேன் என்று வெளியே போய்விட்டார். கேட் பூட்டித்தான் இருந்தது. படம் முடிகிறவரை அவர் உள்ளே வரவில்லை. இதை நீ அவரிடம் கேட்காதே. உனக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்று எழுதுகிறேன், அவ்வளவுதான்.

பாலாவின் பரதேசியை ஒருமுறைதான் பார்த்தேன். தேயிலை மலைக் கதை, நம் ரப்பர் இல்லை. ஆனால் அந்தக் கங்காணி முன்பணம் கொடுத்துச் சிரிக்கிற சிரிப்பு, தீராத கடன், எங்கள் பாட்டி சொன்னதேதான். இன்னொரு முறை பார்க்கத் தெம்பில்லை.

கடைசியாக நீ பார்க்கச் சொல்லி அனுப்பிய மெய்யழகன். நீ அழுதேன் என்றாய். நல்ல படம்தான், ஆனால் அந்தக் கார்த்தி பையன் பேசுகிற பேச்சு! ராத்திரி முழுக்க ஒரு மனுஷனைத் தூங்கவிடாமல் அத்தான் அத்தான் என்று. அதையும் கத்தல் கணக்கில் சேர்ப்பாயா? எனக்கு அடைத்துக்கொண்டது அந்தச் சைக்கிள்தான். வீட்டைவிட்டுப் போனவர்கள் விட்டுப்போன சைக்கிளை ஒருத்தன் இத்தனை வருஷம் வைத்திருக்கிறான். நம் லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை. திடல் வழியாகச் சாலை போகிறது. கோல்கம்பம் எங்கே நட்டிருந்தது என்று அப்பாவும் நானும் ஒருநாள் நின்று பார்த்தோம், இரண்டு பேரும் இரண்டு இடத்தைக் காட்டினோம்.

தீபாவளிக்கு வருகிறாய்தானே. சின்ன புரொஜெக்டர் ஒன்று வாங்கியதாகச் சொன்னாய், அதைக் கொண்டுவா. பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்று கஞ்சி போட்டு மடித்து வைத்திருக்கிறேன். முன்வாசலில் கார் நிற்கிற இடத்தில் கட்டலாம். நாடோடி மன்னன் போடு, நீ துணிக்குப் பின்னால் உட்கார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிடலாம். கொசுவத்தி நான் வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா