பாப்பா, சாப்பிட்டுட்டு ஓடு

பாப்பாவுக்கு,

நல்லா இருக்கியாம்மா. போன் பண்ணா ரெண்டு நிமிஷத்துல "ப்ராக்டிஸ் இருக்குப்பா"ன்னு வச்சிடுற, வாட்ஸ்அப்ல என்ன கேட்டாலும் ஒரு "ம்" இல்லன்னா "ஓகேப்பா", அதான் உக்காந்து நீளமா டைப் பண்றேன். அவசரமா படிக்காத, சாயங்காலம் சாப்பிட்டுட்டு படி. சாப்பிட்டுட்டு தான் படிக்கணும்.

இங்க எல்லாரும் சௌக்கியம். அப்பத்தாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, இப்ப டிவி சீரியல்ல யார் யாருன்னு தெளிவா தெரியுதாம். கவிநாடு கண்மாய்ல இன்னும் தண்ணி கிடக்கு, காலைல கரையில நடக்கும்போது நீ எட்டாவது படிக்கிறப்ப ஓடுன எடத்த எல்லாம் பாத்துக்கிட்டே போறேன். சித்தப்பா வீட்டு விஷயத்த நேர்ல பேசிக்கலாம், நீ அத மனசுல போட்டுக்காத.

பொங்கலுக்கு நீ வந்துட்டுப் போனதுல இருந்து எனக்கு மனசே சரியில்ல பாப்பா. அம்மா போட்ட சோத்த தட்டு ஓரத்துக்கு ஒதுக்கி ஒதுக்கி வச்சிட்டு ரசத்த மட்டும் டம்ளர்ல வாங்கிக் குடிச்சிட்டு எந்திரிச்ச. கரும்பு ஒரு கணு கூட கடிக்கல, சின்ன வயசுல அதுக்கு தம்பியோட சண்ட போட்டவ. மத்தியான வெயில்ல நாங்கல்லாம் விசிறிக்கிட்டு கிடக்குறோம், நீ ஜாக்கெட் ஜிப்ப கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டு திண்ணையில உக்காந்திருக்க. அப்புறம் டிவி பாத்துக்கிட்டே வலது கால்ல, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவுல, எலும்பு மேல ஒரே எடத்துல கட்ட விரலால அமுக்கிப் பாக்குற, நான் திரும்புனதும் கைய எடுத்துட்ட. பி.டி. வாத்தியாரா எத்தன பிள்ளைங்க கால நான் பாத்திருப்பேன், எனக்குத் தெரியாதா?

போன மீட்ல 5000 மீட்டருக்கு 17 நிமிஷம் 49 செகண்ட் வந்துச்சுன்னு நீ என்கிட்ட சொல்லவே இல்ல, ரிசல்ட் ஷீட் பாத்து தான் தெரிஞ்சுக்கிட்டேன். போன வருஷம் 17:12 ஓடுனப்ப அந்த ஷீட்ட பிரிண்ட் எடுத்து ஸ்டாஃப் ரூம்ல எல்லாருக்கும் காட்டினேன், ஹெட்மாஸ்டர் டீ வாங்கிக் கொடுத்தாரு. 37 செகண்ட் போனதுக்காக நான் இத எழுதல, அத மொதல்ல புரிஞ்சுக்க. டைமிங் வரும் போகும். ஆனா 46 கிலோ இருந்த பொண்ணு 42க்கு வந்திருக்க, டைமிங்கும் பின்னால போயிருக்கு, கால் வலியும் இருக்கு. இந்த மூணும் தனித்தனி பிரச்சனைன்னு நீ நினைக்கிற, அது மூணும் ஒண்ணு தான்.

எட கொறஞ்சா வேகம் கூடும்னு உனக்கு யாரோ சொல்லியிருக்காங்க. யாருன்னு நான் கேக்கல. மொதல்ல கொஞ்ச நாள் அப்படித்தான் தெரியும், லேசா இருக்கும், ரெண்டு ரேஸ் நல்லா வரும், அதுல தான் எல்லா பிள்ளைகளும் ஏமாந்து போகுது. ஓடுறதுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு சுமாரா 1 கலோரி செலவாகும், நீ 16 கிலோமீட்டர் ஓடுனா இப்ப இருக்குற எடைக்கே 670 கலோரி போயிடும். மூணு இட்லி சாப்பிட்டா 150 வரும். மிச்சத்துக்கு உடம்பு எங்க போகும்? வருமானம் கொறஞ்ச குடும்பம் எத நிறுத்தலாம்னு பாக்குமே, அந்த மாதிரி உடம்பும் ஒவ்வொண்ணா நிறுத்தும், எலும்பு வளக்குறது, ரத்தம் ஊறுறது, சூடு காக்குறது, இன்னும் சிலது. வெயில்ல உனக்கு குளுருதுன்னா அதனால தான். இதுக்கு 2014ல ஒலிம்பிக் கமிட்டி டாக்டர்கள் ரெட்-எஸ், அதாவது விளையாடுறவங்களுக்கு வர்ற சக்திப் பற்றாக்குறைன்னு பேரு வச்சாங்க, ஆம்பளப் பசங்களுக்கும் வரும், லாங் டிஸ்டன்ஸ்ல தான் நிறைய.

மேரி கெய்ன்னு அமெரிக்கப் பொண்ணு, நீ கேள்விப்பட்டிருப்ப. 17 வயசுல 2013 மாஸ்கோ வேர்ல்டு சாம்பியன்ஷிப்ல 1500 ஃபைனல் ஓடுச்சு, அந்த வயசுல. அப்புறம் கோச் எட கொறை எட கொறைன்னு சொல்லிச் சொல்லி உடம்பு கெட்டுப்போச்சுன்னு 2019ல அதுவே வெளிய வந்து சொல்லுச்சு, மூணு வருஷம் பீரியட்ஸ் வரலையாம், அஞ்சு எலும்பு முறிஞ்சுதாம். அவ்வளவு பெரிய டேலண்ட் பாப்பா. நல்லா டிரெய்ன் பண்றவங்களுக்கு பீரியட்ஸ் நிக்கிறது சகஜம்னு ஹாஸ்டல்ல சொல்லுவாங்க, அது சகஜமே இல்ல. அது நின்னா ஈஸ்ட்ரோஜன்ங்கிற ஹார்மோன் கொறஞ்சிருக்குன்னு அர்த்தம், அது கொறஞ்சா எலும்பு பலம் போகும், முப்பது வயசுக்குள்ள சேக்காத எலும்ப அதுக்கப்புறம் சேக்குறது ரொம்ப கஷ்டம். உனக்கு 22.

அம்மா எனக்கு ஒண்ணு சொன்னா. அதப் பத்தி நான் உன்கிட்ட கேக்க மாட்டேன், நீ எனக்கு பதில் சொல்லவும் வேணாம். அம்மா மேல கோவப்படாத, ராத்திரி தூங்காம உக்காந்திருந்தா, நான் தான் விடாம கேட்டேன். ஒரு லேடி டாக்டர்கிட்ட போ, அவ்வளவு தான். போனா "லேட் ஆகுது"ன்னு மட்டும் சொல்லிட்டு வராத, மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிடுவாங்க. நான் ரன்னர், வாரத்துக்கு இத்தன கிலோமீட்டர் ஓடுறேன், 4 கிலோ கொறஞ்சிருக்கேன், கால்ல இந்த எடத்துல வலிக்குதுன்னு எல்லாத்தயும் சேத்து சொல்லு. மாத்திரை போட்டு வர வச்சாலும் சாப்பாடு கொறச்சலா இருந்தா எலும்பு தேறாது.

அந்த வலி பத்தி. ஓட ஆரம்பிக்கும்போது வலிச்சு ஓட ஓட விட்டுப்போச்சுன்னா, நீளத்துக்குப் பரவலா வலிச்சா, அது ஷின் ஸ்ப்ளின்ட்டா, அதாவது முன்னங்கால் எலும்ப ஒட்டி வர்ற வலியா இருக்கலாம். ஒரு வெரல் வைக்கிற எடத்துல மட்டும் சுள்ளுனு இருந்தா, ஓட ஓட கூடுனா, ராத்திரி படுத்தா கூட வலிச்சா, ஸ்ட்ரெஸ் ஃபிராக்சரான்னு, அதாவது எலும்புல மெல்லிசா கீறல் விட்டிருக்கான்னு பாத்தே ஆகணும். மொத ரெண்டு மூணு வாரம் எக்ஸ்ரேல தெரியாம போகலாம், அதனால எக்ஸ்ரே நல்லா இருக்குன்னு சொல்லி ஓடிடாத, எம்ஆர்ஐ எடுக்கணுமான்னு கேளு. பாக்குற வரைக்கும் ஓடாத. ஒரு வாரம் ஓடலன்னா ஒண்ணும் கெட்டுப் போகாது, முறிஞ்சா ஒரு சீசனே போயிடும்.

சாப்பாட்டுக்கு வரேன். நீ சோத்த விரோதியா பாக்குற, உனக்கு அதத் தான் கொறைக்கச் சொல்லியிருக்காங்கன்னு தெரியுது. கென்யாவுல கிப்சோகே, 2019ல வியன்னால 1:59:40க்கு மாரத்தான் தூரத்த ஓடுன மனுஷன், காப்டகட் கேம்ப்ல மத்தவங்களோட சேந்து உகாலி சாப்பிட்டவரு, மக்காச்சோள மாவுல கிண்டுற களி அது, கூட கீரை, பீன்ஸ், பால் ஊத்துன டீ. அவங்க சாப்பாட்டுல முக்காவாசி மாவுச்சத்து தான். உன் அளவு டிரெய்னிங்குக்கு ஒரு கிலோ எடைக்கு 6, 7 கிராம் மாவுச்சத்து வேணும், 46 கிலோவுக்கு கணக்கு போட்டா 300 கிராம் வாக்குல வருது. 42க்கு கணக்கு போடாத. ஒரு கப் சோத்துல 45 கிராம் தான் இருக்கு, நீயே பாத்துக்க எத்தன கப் வேணும்னு.

காலைல வெறும் வயித்துல ஓடாத. எழுந்ததும் ஒரு வாழப்பழம், ரெண்டு பேரீச்சம்பழம், அதுவாச்சும். ஓடி முடிச்சு கபன் பார்க்ல நின்னு அரட்ட அடிச்சிட்டு பத்து மணிக்கு சாப்பிடுறது வேணாம், ஒரு மணி நேரத்துக்குள்ள உள்ள போகணும், சோறோ இட்லியோ பொங்கலோ, கூட ரெண்டு முட்ட. அம்மா அனுப்புற கேழ்வரகு மாவ கூழா காய்ச்சு, 100 கிராம்ல 340 மில்லிகிராம் கால்சியம் இருக்கு. நெத்திலி கருவாட்டையும் முள்ளோட சாப்பிடு. சாப்பாட்டோட டீ காபி குடிக்காத, இரும்புச்சத்து ஒட்டாம போயிடும், ஒரு மணி நேரம் தள்ளி குடி. முருங்கைக்கீரை, பருப்புன்னு சாப்பிடும்போது எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்க, இல்லன்னா ஒரு நெல்லிக்காய். நீ ஊருக்கு வந்தா அப்பத்தா சுவரொட்டி, அதான் ஆட்டு மண்ணீரல், வாங்கி வறுத்துத் தரேன்னு சொல்லுது, மூக்க சுளிக்காத, உன் அத்த பிரசவத்துக்கு அதச் சாப்பிட்டு தான் தேறுனா. ரத்தம் டெஸ்ட் பண்றப்ப ஹீமோகுளோபின் 12 இருக்குன்னதும் சந்தோஷப்பட்டுடாத, உடம்புல இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்புல இருக்குன்னு காட்டுற ஃபெரிட்டினும் வைட்டமின் டியும் பாக்கச் சொல்லு. ஹீமோகுளோபின் நல்லா இருந்தும் ஃபெரிட்டின் அடியில கிடக்கலாம், கால் கனத்துப் போறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

டிரெய்னிங்ல ஒண்ணே ஒண்ணு தான் சொல்லுவேன், ஏற்கனவே சொன்னது தான், நீ கேக்கல. ஈஸி ரன்ன ஈஸியா ஓடு. வாட்ச்ல வேகத்த பாத்து தினமும் யாரையாவது துரத்துற. பேசிக்கிட்டே ஓட முடியணும், முழு வாக்கியமா, மூச்சு வாங்காம. வாரத்துக்கு ரெண்டு நாள் வேகம் போதும், மிச்சமெல்லாம் மெதுவா. நியூசிலாந்துல லிடியார்ட்ங்கிற கோச் 800 மீட்டர் ஓடுற ஸ்னெல்லையே வாரத்துக்கு 160 கிலோமீட்டர் ஓட வச்சு தான் 1960 ரோம்ல தங்கம் வாங்க வச்சாரு, அந்த தூரத்துல பெரும்பகுதி நிதானமா ஓடுனது. சாப்பாடு இல்லாம நீ அந்த தூரத்த நெனச்சு கூட பாக்காத, மறுபடியும் சொல்றேன்.

நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஓட்டம் புதுசில்ல. சூர்யா 2016ல குவாஹாத்தி தெற்காசியப் போட்டில 5000, 10000 ரெண்டுலயும் தங்கம், லட்சுமணன் 2017ல புவனேஸ்வர்ல ஆசிய சாம்பியன். உனக்கு நான் ஷூ வாங்கித் தந்தப்ப சொந்தக்காரங்க என்ன பேசுனாங்கன்னு உனக்கே தெரியும், இன்னைக்கு அவங்களே "பாப்பா எப்ப ஓடுது"ன்னு கேக்குறாங்க. ஹாங்சோ ஆசியப் போட்டில பருல் சவுத்ரி 5000 ஓடுனத நீயும் நானும் போன்ல பாத்தமே, 2023ல, கடைசி சில மீட்டர்ல ஜப்பான்காரிய தாண்டி 15:14. அன்னைக்கு நீ கத்துன கத்துல ஹாஸ்டல் வார்டன் வந்துட்டாங்கன்னு சொன்ன. முந்துன நாள் தடையும் தண்ணியும் தாண்டி ஓடுற ஸ்டீபிள்சேஸ்ல வெள்ளி வாங்கிட்டு மறுநாள் அப்படி ஓடணும்னா உடம்புல தெம்பு இருக்கணும். ஒட்டிப்போன உடம்ப வச்சு அப்படி அடிக்க முடியாது.

என்கிட்ட மறைக்கணும்னு உனக்கு தோணுனதே எனக்கு வருத்தம் தான். நான் டைமிங் கேக்குற அப்பா மட்டும் இல்லம்மா. நீ நாளைக்கே ஓட்டத்த விட்டுட்டு வந்தாலும் இந்த வீட்ல உனக்கு சோறு உண்டு, ஆனா விட வேணாம், நீ நல்லா ஓடுற பொண்ணு, இன்னும் பத்து வருஷம் ஓடணும். அதுக்கு இப்ப சாப்பிடணும்.

உன் அக்கவுண்ட்ல பணம் போட்டிருக்கேன், டெஸ்ட்டுக்கும் டாக்டருக்கும், ஸ்பைக்ஸ் வாங்கிடாத. இந்த வாரமே போ. தனியா போக சங்கடமா இருந்தா சொல்லு, அம்மா வெள்ளிக்கிழம ராத்திரி பஸ்ஸுக்கு ரெடியா இருக்கா, கேழ்வரகு மாவு, கடல உருண்ட, கருவாடு எல்லாம் கட்டி வச்சிருக்கா. ரிப்போர்ட்ட அம்மாவுக்கு அனுப்பு, எனக்கு அனுப்ப வேணாம். கால் என்ன ஆச்சுன்னு மட்டும் எனக்கு சொல்லு, "ஓகேப்பா"ன்னு போடாத.

அப்பா