மிஷினை அங்கேயே வைத்துவிட்டு வா

அன்புள்ள கண்ணம்மா,

படங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. உங்கப்பா ஒவ்வொன்றையும் விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்ததில் போனில் சார்ஜே தீர்ந்துவிட்டது. அங்கே இங்கிலாந்தில், அறுவடை முடிந்த கோதுமைக் கழனியில் நீயும் உன் சிநேகிதர்களும் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, மண்ணுக்குள் உலோகம் இருந்தால் சத்தம் போடும் அந்த மெட்டல் டிடெக்டர் மிஷினை, தட்டு வைத்த கோலைத் தரையை ஒட்டி வீசியபடி வரிசையாக நடக்கிறீர்கள். நம் பக்கம் வேர்க்கடலை பிடுங்கிய கொல்லையில் விட்டுப்போன காயைப் பொறுக்க இறங்குவார்களே, அதே குனிவு, அதே ஆசை. ஃபிளாஸ்க்கில் டீ, டப்பாவில் சாண்ட்விச், கூடவே ஒரு நாய். ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்க நல்ல வழிதான்.

கிடைத்ததில் எனக்குப் பிடித்தது அந்த உடைந்த ஷூ பக்கிள். யாரோ சேற்றிலிருந்து காலை இழுத்தபோது கழன்றிருக்கும். வீட்டுக்குப் போய்த் திட்டு வாங்கியிருப்பான். உங்கப்பாவுக்கு 1797 பென்னி. படத்தைப் பார்த்த உடனே ஆரம்பித்துவிட்டார்: ஒரு அவுன்சு செம்பு, பர்மிங்ஹாமில் போல்டன் என்பவருடைய ஆலையில் அடித்தது, அதே ஆலையில்தான் மதராஸ் மாகாணத்துக்குப் பத்து காசு, இருபது காசும் அடித்தார்கள் என்று. அப்படி 1808-ல் அடித்த காசுகளை ஏற்றிக்கொண்டு மதராஸுக்குக் கிளம்பிய ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல், 1809 ஜனவரியில் கென்ட் கரையோரம் குட்வின் மணல்திட்டில் சிக்கி முழுகிப்போனதாம். 1980-களில் லட்சக்கணக்கான காசுகளை அதிலிருந்து வெளியே எடுத்திருக்கிறார்கள். இதைச் சொல்லி முடிப்பதற்குள் சாம்பார் ஆறிவிட்டது. ஒரு ஈயக் குண்டைத் தவிர மீதி எல்லாம் பொத்தானும் கோலா டின் வளையமும்தானே? அலுமினிய வளையமும் தங்க மோதிரமும் மிஷினில் ஏறக்குறைய ஒரே மாதிரி கேட்பதால் எதையும் தோண்டாமல் விட முடியவில்லை என்று நீ அலுத்துக்கொண்டதைப் படித்துச் சிரித்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலுக்கு வரும்போது அந்த மிஷினையும் கொண்டுவருவதாகவும், சிநேகிதர்களோடு நம் ஏரிக்கரைக் கொல்லையில் தேடலாம் என்றும் எழுதியிருக்கிறாய். ஹைதர் அலியின் சேனை இந்த வழியாகப் போயிருக்கிறது, கட்டாயம் ஏதாவது கிடைக்கும் என்று உங்கப்பாவும் உன்னோடு சேர்ந்துகொண்டு ஆடுகிறார். நான் வேண்டாம் என்கிறேன். சிநேகிதர்களைக் கூட்டி வா, எத்தனை பேர் வந்தாலும் சரி. மிஷின் அங்கேயே இருக்கட்டும்.

நீ இங்கிருந்து போய் ரொம்ப நாளாகிவிட்டது. நம் சித்தூர்ப் பக்கத்தில் ‘குப்த நிதி’, அதாவது மறைந்து கிடக்கும் புதையல், என்ற பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று உனக்கு மறந்திருக்காது. இப்போது அது முன்னைவிட அதிகம். தெலுங்குப் பேப்பரின் ஜில்லாப் பக்கத்தைத் திறந்தால் அடிக்கடி கண்ணில் படுகிறது: ராத்திரியில் கோயிலில் தோண்டினார்கள், மந்திரவாதியோடு பிடிபட்டார்கள், மெட்டல் டிடெக்டர் பறிமுதல். அந்த மிஷினின் பேர் இங்கே போலீஸ் செய்தியில்தான் வரும். உன் ஊரில் அது பொழுதுபோக்கு. இங்கே அதைக் கையில் வைத்துக்கொண்டு கொல்லையில் நடந்தால், பின்னாலேயே ஒரு சாமியாரும் எலுமிச்சம்பழமும் வருகிறதா என்றுதான் ஜனங்கள் பார்ப்பார்கள். அதுவும் வெள்ளைக்காரர்களோடு! ஊரே ஏரிக்கரைக்கு வந்து நின்றுவிடும்.

சும்மா பயமுறுத்தவில்லை. குன்றடியில் வேப்பமரத்துக்குக் கீழே ஏழு கன்னிமார் கல் இருந்ததே, நீ சின்ன வயதில் மஞ்சள் பூசி விளையாடிய இடம். ஒரு அமாவாசை ராத்திரி யாரோ மிஷினோடு வந்து, கல்லுக்கு அடியில் சத்தம் வருகிறது என்று எல்லாவற்றையும் பெயர்த்துப் போட்டுவிட்டார்கள். இரண்டு கல் பிளந்தே போய்விட்டது. காலையில் குழியோரம் பார்த்தால் துருப்பிடித்த வண்டிப் பட்டைத் துண்டு ஒன்று கிடக்கிறது. சத்தம் கொடுத்தது அதுதான். ஊர்க்காரர்கள் சிமெண்ட் வைத்துக் கல்லை ஒட்டி நிற்க வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து அந்த மிஷின் என்றாலே எனக்கு ஆகாது. நீ செய்வது வேறு என்று எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு நான் எப்படிப் புரியவைப்பேன்?

அப்புறம் சட்டம் இருக்கிறது. நம் நாட்டில் புதையலுக்கு இன்னும் 1878-ம் வருஷத்துச் சட்டம்தான். மண்ணில் மறைந்து கிடந்தது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய்! இன்றைக்கு அது ஒரு டீக்குப் போதுமோ என்னவோ, ஆனால் சட்டத்தில் தொகை அப்படியே இருக்கிறது. சொல்லாமல் மறைத்தால் ஒரு வருஷம்வரை ஜெயில். 1972-ம் வருஷத்துச் சட்டம் வேறு. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளோ நாணயமோ எதையும் தனி ஆள் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. உன் சிநேகிதன் ஆசையாக ஒரு பழைய காசை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான் என்று வை, ஏர்போர்ட்டில் யார் பதில் சொல்வது? பழைய கோட்டை, கோயில் பக்கம் தோண்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

உங்களுக்கும் சட்டம் உண்டு என்று நீ சொல்லுவாய். உண்டுதான். நிலத்துக்காரரைக் கேட்காமல் நீங்கள் யாரும் இறங்குவதில்லை. தங்கம், வெள்ளி, காசுக் குவியல் கிடைத்தால் பதினாலு நாளுக்குள் சொல்ல வேண்டும். சாதாரணப் பொத்தானைக்கூடக் கொண்டுபோய்க் காட்ட ஒரு அதிகாரி இருக்கிறார், அவர் திட்டாமல் பதிந்துகொள்கிறார். 1997-ல் ஆரம்பித்த அந்தப் பதிவில் இப்போது பதினைந்து லட்சத்துக்கும் மேலே பொருள்கள் இருக்கின்றனவாம். எனக்கு அதில் பொறாமைதான். இங்கே ஏர் ஓட்டும்போது ஒரு குடம் தட்டுப்பட்டால், எம்.ஆர்.ஓ. ஆபீசுக்கு, அதுதான் தாசில்தார் ஆபீசுக்கு, கொண்டுபோகிறவன் எத்தனை பேர்? சொன்னால் நிலத்தையே எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம். அதனால் விடிவதற்குள் நகைக் கடையில் உருகிவிடும். சட்டப்படி பார்த்தால் சொந்தக்காரன் யாரும் வராத புதையலில் முக்கால் பங்கு கண்டெடுத்தவனுக்கு, கால் பங்கு நிலத்துக்காரனுக்கு. அரசாங்கமே எடுத்துக்கொண்டாலும் உலோகத்தின் மதிப்புக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்க வேண்டும். இதை ஊரில் யாருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

உன் ஊருக்குப் பக்கத்திலேயே ஹாக்ஸன் கிராமத்தில் நடந்ததை எழுதியிருந்தாயே, அதை நான் அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். 1992-ல் ஒரு விவசாயி கழனியில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். தேடிக் கொடுக்க வந்த சிநேகிதர் மிஷினை வீசினால் ரோமானியர் காலத்துத் தங்கமும் வெள்ளியும். அந்த மனிதர் செய்த காரியம்தான் எனக்கு அதிசயம்: பாதியில் தோண்டுவதை நிறுத்திவிட்டுச் சொல்லி அனுப்பினார். மறுநாள் தொல்லியல்காரர்கள் வந்து, எது எதற்குமேல் இருந்தது, எந்தப் பெட்டிக்குள் எது என்று பார்த்துப் பார்த்து எடுத்தார்கள். கிட்டத்தட்ட பதினைந்தாயிரம் காசு. வெகுமதியாகப் பதினேழரை லட்சம் பவுண்டு பணம் கொடுத்தார்கள், அதை விவசாயிக்கும் பங்கு போட்டுக் கொடுத்தார். சுத்தியலும் கிடைத்து, இப்போது அதுவும் மியூசியத்தில். ஆனால் நான் ரொம்ப நேரம் நினைத்துக்கொண்டிருந்தது அந்த மிளகுக் குடுவைகளைத்தான். வெள்ளியில் ஒரு ராணி மாதிரி செய்து, அடியில் திருகினால் மிளகு கொட்டும் என்றாயே. அந்தக் காலத்தில் அவர்களுக்கு மிளகு போனது மலையாளக் கரையிலிருந்துதான். நாம் அஞ்சறைப் பெட்டியில் கொட்டி வைத்திருக்கிறோம், அவர்கள் அதற்கு ராணி செய்திருக்கிறார்கள்.

உங்கப்பா மேஜை டிராயரில் ஒரு ஈயக் குண்டு இருப்பது உனக்குத் தெரியும். உன் தாத்தா உழும்போது கிடைத்தது, மேலே வெள்ளை பூத்துப்போய், கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக. நீ அங்கே எடுத்ததும் அச்சாக அப்படியே இருக்கிறது. 1781 செப்டம்பர் 27-ல் சோளிங்கரில் ஐர் கூட் என்ற வெள்ளைக்காரத் தளபதிக்கும் ஹைதருக்கும் நடந்த சண்டையில் சுட்டது என்று உங்கப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை. எந்தக் கொல்லை, எந்த மூலை என்று தாத்தா சொல்லவே இல்லை. ஜமீன் காலத்தில் பன்றி வேட்டைக்கு வந்தவன் சுட்டதாகவும் இருக்கலாம். நீ எடுத்த குண்டுக்குப் போனில் இடத்தைக் குறித்து வைத்திருக்கிறாய், அக்கம்பக்கத்தில் இன்னும் நான்கு கிடைத்தால் எவன் எங்கே நின்றான் என்று சொல்லிவிடுவார்கள். நம் குண்டு டிராயரில் உருளத்தான் லாயக்கு. இதை அவரிடம் சொன்னேன், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மிஷின் இல்லாமல் உன் சிநேகிதர்களுக்கு என்ன காட்டுவது என்று கவலைப்படாதே, நான் யோசித்து வைத்திருக்கிறேன். முதல் நாள் நரசிங்கராயன்பேட்டை. 1782 டிசம்பரில் ஹைதர் செத்துப்போனது அங்கே போட்டிருந்த பாளையத்தில்தான். திப்பு அப்போது மலபார்க் கரையில் இருந்தார். விஷயம் வெளியே தெரிந்தால் சேனை கலைந்துவிடும் என்று, உடலைப் பெரிய பெட்டியில் வாசனைப் பொடி நிரப்பி வைத்து, கஜானாப் பெட்டி போகிற மாதிரி காவலோடு கோலாருக்கு அனுப்பினார்களாம். புதையல் தேடுகிற ஜனங்களுக்கு இதைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும்? வழியில் எவனாவது ஆசைப்பட்டுத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார். இரண்டாம் நாள் வேலூர்க் கோட்டைக்கும் உள்ளே இருக்கிற மியூசியத்துக்கும். அடுத்தது சந்திரகிரி. சோளிங்கர் மலைக்கு இப்போது ரோப் கார் வந்துவிட்டது, என் முட்டிக்கும் அது தோது. மேலே நின்று பார்த்தால் சண்டை நடந்த வெளி முழுக்கத் தெரியும், உங்கப்பா அங்கே நின்று பேசட்டும், நான் தயிர்சாதத்தைப் பிரித்துக்கொள்கிறேன்.

ஏரிக்கரைக் கொல்லையில் நடக்கட்டும், அதற்குத் தடை இல்லை. உழுது மழை பெய்த பிறகு மண்மேலேயே ஓட்டுச் சில்லு, கறுப்பு சிவப்புச் சில்லு எல்லாம் தெரியும். பார்க்கலாம், படம் எடுக்கலாம், திரும்ப அங்கேயே வைத்துவிட வேண்டும். ஏதாவது பெரிதாகக் கண்ணில் பட்டால் நானே நம் கிராமத்து வருவாய் அதிகாரி வி.ஆர்.ஓ.வைக் கூப்பிட்டுச் சொல்லுகிறேன். என்னிடம் ஒரு காலத்தில் படித்த பையன்தான், காது கொடுத்துக் கேட்பான்.

உங்கப்பாவுக்கு ஒன்று வேண்டுமாம். அந்தக் கப்பலில் முழுகின இருபது காசு அங்கே கடைகளில் கிடைக்குமாமே, விலை அதிகம் இல்லை என்றால் ஒன்று வாங்கி வா. ரசீதோடு வாங்கு, இரண்டு நாட்டுச் சட்டத்தையும் விசாரித்துக்கொண்டு வாங்கு. எனக்கு ஒன்றும் வேண்டாம், போன தடவை கொண்டுவந்த சாக்லேட்டே இன்னும் ஃபிரிட்ஜில் இருக்கிறது.

டிக்கெட் போட்ட உடனே தேதி சொல்லு. உன் சிநேகிதர்களில் யார் கறி சாப்பிடுவார்கள், யார் சாப்பிட மாட்டார்கள் என்று ஒரு வரி எழுதி அனுப்பு. மாடி ரூமுக்கு இன்னும் இரண்டு மெத்தை சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அம்மா