அம்மாவின் கஞ்சிக்கு ஓரிடம் கேட்டு மனு

அனுப்புநர்:
மூத்த மகள் (குடும்பத்தார் சார்பாக),
வடலூர் அருகில், குறிஞ்சிப்பாடி வட்டம்,
கடலூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கடலூர்.

பொருள்: அரசு மருத்துவமனையில் நோயாளிகளுக்குத் துணையாக இருப்போருக்குக் காலைக் கஞ்சி வழங்க, வளாகத்துக்குள் இடம் ஒதுக்கித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மார்கழியில் எங்கள் அம்மா காலமானார். வயது 78. அவர் 1998 முதல் செய்துவந்த ஒரு வேலை இப்போது நின்றுபோகும் நிலையில் இருப்பதால் இந்த மனுவை எழுதுகிறேன்.

1998 தை மாதம் அப்பாவை மஞ்சள் காமாலைக்காக எங்கள் பகுதி அரசு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். உள்ளே படுத்திருப்பவருக்குப் பாலும் ரொட்டியும் கிடைத்துவிடும். கூட இருப்பவர் பாடுதான் திண்டாட்டம். பக்கத்துக் கட்டிலில் ஒரு சிறுவன். அவனுக்குத் துணை அவனுடைய தாத்தா. பேரனுக்கு வந்த ரொட்டியின் விளிம்பை மட்டும் பிய்த்து, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அவர் மென்றதை அம்மா பார்த்துவிட்டார். மறுநாள் விடியற்காலை ஒரு தூக்குவாளி நிறையக் கஞ்சியோடு வந்தார். அப்பா குணமாகி வீடு திரும்பினால் ஒரு மண்டலம் ஊற்றுவதாக வேண்டுதல். அப்பா தேறிவிட்டார். 48 நாளும் முடிந்தது. 49ஆம் நாள் காலையும் அம்மா நொய் களைந்துகொண்டிருந்தார். "வேண்டுதல்தான் முடிஞ்சுபோச்சே" என்றேன். "அங்க இருக்கிறவங்களுக்குப் பசி முடிஞ்சுபோச்சா?" என்றார். அப்புறம் நான் கேட்கவில்லை.

அம்மாவின் பக்தி முழுக்க வடலூரைச் சுற்றியது. மாதப் பூசம் தவறாமல் சத்திய ஞான சபைக்குப் போவார். தைப்பூசத்தன்று ஏழு திரையும் விலகி ஜோதி தெரிவதைப் பார்க்க ஊரே முண்டியடிக்கும். அம்மா ஒரு தரிசனம் முடிந்ததும் தருமச்சாலையில் காய் நறுக்க உட்கார்ந்துவிடுவார். 1867ஆம் ஆண்டு வைகாசியில் வள்ளலார் மூட்டிய அடுப்பு அங்கே இன்றும் அணையவில்லை. அதை எங்களுக்குக் கதையாகச் சொன்னதில்லை அவர். சின்ன வயதில் அடுப்பருகே கொண்டுபோய் நிறுத்தி, "சுடுதா?" என்று மட்டும் கேட்பார்.

வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி மண் கலயத்துக்குப் போகும். மாதக் கடைசியில் கலயம் தருமச்சாலைக்குப் போகும். எங்களுக்கே அரிசி தட்டிய மாதங்களில் பிடி சிறுத்தது, நிற்கவில்லை. அந்த மாதங்களில் அம்மாமேல் எனக்குக் கோபம் வந்ததுண்டு, மறைப்பானேன். மருத்துவமனைக் கஞ்சியும் அதே கலயத்திலிருந்துதான் தொடங்கியது. இன்று நாங்கள் பிள்ளைகள் நால்வரும் மாதமுறை போட்டுக்கொள்கிறோம். தினம் மூன்று கிலோ நொய், அரைக் கிலோ பாசிப்பருப்பு, கொஞ்சம் வெந்தயம், சீரகம். தொட்டுக்கொள்ளப் பொட்டுக்கடலைத் துவையல். ஏறக்குறைய 80 பேருக்கு வரும். யாருடைய பெயரையும் ஊரையும் கேட்டுவிட்டு ஊற்றும் வழக்கம் அம்மாவிடம் இருந்ததில்லை. எங்களிடமும் இல்லை.

இனி எங்கள் குறை. இத்தனை காலமும் நுழைவாயிலை ஒட்டிய வேப்பமரத்தடியில்தான் பாத்திரத்தை இறக்குவோம். புதிய வாயில் கட்டியபின், ஆம்புலன்ஸ் வரும் வழி என்பதால் அங்கே கூட்டம் சேரக்கூடாது என்றார்கள். சரியான காரணம்தான், எங்களுக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் மாற்று இடம் கேட்டபோது மேலிடத்து உத்தரவு வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று மாதமாகச் சாலைக்கு எதிர்ப்புறம் வைத்து ஊற்றுகிறோம். போன வாரம் ஒரு மூதாட்டி, இரண்டு கையிலும் சுடுகஞ்சி டம்ளரோடு சாலையைக் கடக்கும்போது டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கஞ்சி முழுவதும் அவர் புடவையில். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

ஆகவே, வளாகத்தின் உள்ளே புறநோயாளிகள் பிரிவுக்குப் பின்னால் சும்மா கிடக்கும் இடத்தில் பத்துக்குப் பத்தடி, காலை 6.30 முதல் 8.30 வரை மட்டும் பயன்படுத்திக்கொள்ள அனுமதி தருமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். கைகழுவ ஒரு குழாய் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்துவிடுவோம். கொட்டகை, மின்சாரம், பணம் எதுவும் வேண்டாம். சமையல் வீட்டிலேயே நடக்கும். அங்கே அடுப்பு மூட்ட மாட்டோம். இடத்தைக் கழுவிவிட்டுத்தான் கிளம்புவோம். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவுச் சான்று நகலையும், மருத்துவமனையின் பெயரும் இடத்தின் கைவரைபடமும் உள்ள தாளையும் இணைத்திருக்கிறேன்.

வள்ளலார் பிறந்த அக்டோபர் 5ஆம் நாளைத் தனிப்பெருங்கருணை நாளாக 2021இல் அறிவித்தது நம் அரசுதான். பசியாற்றுவதன் அருமையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு சொல் கூடுதலாக. அம்மாவுக்காக ஔவையார் விருதுக்கு எழுதிப் போட்டிருக்கலாமே என்று உறவினர் சிலர் சொன்னார்கள். கஞ்சிக்கெல்லாம் விருதா என்று அவர் சிரித்திருப்பார். அவர் பெயரில் கல்வெட்டோ பலகையோ நாங்கள் கேட்கவில்லை. இடம் கொடுத்தாலும் வைக்க மாட்டோம்.

நேரில் ஆய்வு செய்ய அலுவலர்களை அனுப்புவதாக இருந்தால் காலை 7 மணிக்கு வரச்சொல்லுங்கள். டம்ளர் எங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இடம்: கடலூர், திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாள்